சான்றுகளால் போராடியவர்: வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்

1896ஆம் ஆண்டு மே 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹோமர் பிளெஸ்ஸி என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. லூசியானா மாநிலத்தில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட இரயில் பெட்டியில் அமர்ந்ததே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். இரு இனத்தவருக்கும் தனித்தனிப் பெட்டிகள் இருக்கலாம், அவை சமமானவையாக இருந்தால் எவருடைய உரிமையும் பறிபோவதில்லை என்று நீதிபதிகள் பெரும்பான்மையாக முடிவுசெய்தனர். தனித்தனி ஆனால் சமம் என்னும் அக்கோட்பாடு பள்ளி, மருத்துவமனை, உணவகம், பேருந்து, கல்லறை என வாழ்வின் எல்லா இடங்களிலும் கறுப்பின மக்களை விலக்கிவைப்பதற்கான சட்டக் கவசமாயிற்று. தனித்தனி என்ற பாதி எங்கும் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. சமம் என்ற பாதி எங்கும் நடைமுறைக்கு வரவில்லை.

அத்தீர்ப்பு வந்தபோது சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் வாஷிங்டன் நகரில் எட்டு மாதக் குழந்தை. 1954ஆம் ஆண்டு மே 17 அன்று அதே நீதிமன்றம் பொதுக் கல்வியில் அக்கோட்பாட்டுக்கு இடமில்லை என்று அறிவித்தபோது, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. அவருடைய 54 ஆண்டு வாழ்க்கை முழுவதும் பிளெஸ்ஸி தீர்ப்பின் ஆட்சிக்குள்ளேயே கழிந்தது. ஆயினும் அத்தீர்ப்பை வீழ்த்துவதற்கான வழியை வகுத்தவர் அவரே. 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்கைப் பற்றிப் பேசுவோர் அதை நடத்திய தர்குட் மார்ஷலின் பெயரை நினைவுகூர்கின்றனர். மார்ஷலோ அந்தப் பெருமை தம் ஆசிரியரான ஹூஸ்டனைச் சேரும் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்.

ஹூஸ்டன் மேடைப் பேச்சால் மக்களைத் திரட்டிய தலைவர் அல்லர். ஒரு மக்களின் துயரத்தை நீதிமன்றம் மறுக்க முடியாத சான்றாக மாற்றுவது எப்படி, அந்தப் பணியைத் தொடரக்கூடிய தலைமுறையை உருவாக்குவது எப்படி என்னும் இரு கேள்விகளுக்கு விடை தேடியதே அவர் வாழ்க்கை. ஒடுக்கப்பட்ட மக்களுக்காகச் சட்டத்தைக் கையிலெடுக்க விரும்பும் ஒவ்வொருவரும் அதைக் கற்றறிவது நல்லது.

படையில் கற்ற பாடம்

ஹூஸ்டன் 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 3 அன்று பிறந்தார். அவருடைய தாத்தா அடிமைத்தளையில் பிறந்தவர். தந்தை வில்லியம் ஹூஸ்டன் பகலில் அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் மாலைநேர வகுப்புகளில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். தாய் மேரி ஆசிரியராக இருந்தவர், பின்னர் சிகை ஒப்பனையைத் தொழிலாகக்கொண்டு குடும்ப வருவாய்க்குத் துணைநின்றவர். ஒரே மகனின் கல்விக்காக இருவரும் தம் உழைப்பைச் செலவிட்டனர்.

கறுப்பின மாணவர்களுக்கென வாஷிங்டனில் இயங்கிய புகழ்பெற்ற எம் தெரு உயர்நிலைப் பள்ளியில் பயின்ற ஹூஸ்டன், பின்னர் மாசசூசெட்சு மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். தம் வகுப்பின் ஒரே கறுப்பின மாணவராக இருந்த அவர், 1915ஆம் ஆண்டு முதன்மை மாணவர்களுள் ஒருவராகப் பட்டம் பெற்றார். அதன்பின் ஈராண்டுகள் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். அவர் வாழ்வின் திசையை மாற்றியது முதல் உலகப் போர்.

1917ஆம் ஆண்டு அமெரிக்கா போரில் இறங்கியபோது, கறுப்பின அதிகாரிகளுக்கென அயோவா மாநிலத்தில் அமைக்கப்பட்ட தனி முகாமில் ஹூஸ்டன் பயிற்சி பெற்றார். பீரங்கிப் படைக்குத் தேவையான கணித அறிவு கறுப்பினத்தவருக்கு வாய்க்காது என்ற எண்ணம் படைத்தலைமையில் ஊறியிருந்தது. அதை மீறி அவர் பீரங்கிப் படையில் அதிகாரியானார். படைமுகாமில் குற்றச்சாட்டுகளை விசாரிக்கும் பணியும் அவருக்குத் தரப்பட்டது. கறுப்பின சார்ஜன்ட் ஒருவர்மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று அவர் கண்டறிந்து தெரிவித்தும், மேலதிகாரிகள் அதைப் பொருட்படுத்தாது அந்தச் சார்ஜன்ட்டைத் தண்டித்தனர். உண்மையைக் கண்டறிவது மட்டும் போதாது, அதை ஏற்கவைக்கும் அதிகாரமும் வேண்டும் என்பதை அவர் அங்கே கண்டார்.

பிரான்சில் நடந்தது இன்னும் கொடியது. ஒரு நகரில் அவரையும் உடனிருந்த கறுப்பின அதிகாரிகளையும் அமெரிக்க வெள்ளைச் சிப்பாய்களின் கும்பல் ஒன்று சூழ்ந்துகொண்டு கொல்ல முற்பட்டது. இராணுவக் காவலர் தலையிட்டதால் அவர்கள் உயிர்தப்பினர். மக்களாட்சியைக் காப்பதற்காக என்று அறிவிக்கப்பட்ட போரில், தம் நாட்டுச் சீருடை அணிந்தவர்களாலேயே கொல்லப்படவிருந்தார் ஹூஸ்டன். உயிரோடு திரும்பினால் சட்டம் பயின்று, திருப்பியடிக்க வழியற்றவர்களுக்காகப் போராடுவது என்று அவர் உறுதிகொண்டார். 1919ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பியபோது கறுப்பின மக்கள்மீதான வன்முறை பல நகரங்களில் மூண்டது. அவ்வாண்டு ஜூலையில் அவர் பிறந்த வாஷிங்டன் நகரமும் அதற்கு இரையாயிற்று.

அந்த ஆண்டே ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்தார். அதன் சட்ட ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவரே. 1922ஆம் ஆண்டு சட்டப் பட்டமும், 1923ஆம் ஆண்டு சட்டத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். ஆய்வு உதவித்தொகையுடன் ஸ்பெயினின் மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு பயின்றபின், 1924ஆம் ஆண்டு வாஷிங்டன் திரும்பித் தந்தையின் அலுவலகத்தில் வழக்கறிஞரானார். செல்வம் ஈட்டுவதற்கான கதவுகள் அவருக்குத் திறந்தே இருந்தன. அவர் அவற்றின் பக்கம் திரும்பவில்லை.

வழக்கறிஞர்களை உருவாக்கிய பள்ளி

அன்றைய அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வாழ்ந்தனர். அவர்களுக்காக வாதாட முன்வரும் கறுப்பின வழக்கறிஞர்களோ மிகச் சிலரே. இந்நிலையை 1920களின் பிற்பகுதியில் ஹூஸ்டன் நேரடியாக ஆய்வு செய்தார். வழக்கு நடத்த ஆளில்லாத இடத்தில் அரசமைப்புச் சட்டம் வெறும் ஏடாகவே இருக்கும் என்பது அவருக்குப் புலப்பட்டது. எனவே வழக்குகளுக்கு முன்பாக வழக்கறிஞர்களை உருவாக்க முடிவெடுத்தார்.

1929ஆம் ஆண்டு ஹோவர்ட் சட்டப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற அவர், முதலில் அதன் மாலைநேர வகுப்புகளை முடிவுக்குக் கொண்டுவந்து முழுநேரப் பள்ளியாக்கினார். இம்முடிவுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பகலில் உழைத்து மாலையில் பயிலும் ஏழை மாணவர்களுக்கு இருந்த ஒரே வழியை அவர் அடைக்கிறார் என்று முன்னாள் மாணவர்கள் குற்றம் சாட்டினர். அவருடைய தந்தையே அவ்வழியில் வந்தவர் என்பதால் அக்குற்றச்சாட்டில் இருந்த வலியை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் அங்கீகாரம் பெறாத பள்ளியின் பட்டத்தைக் காட்டிக் கறுப்பின வழக்கறிஞர்களை இழிவுபடுத்துவோருக்கு இனி இடமளிக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1931ஆம் ஆண்டுக்குள் ஹோவர்ட் சட்டப் பள்ளி முழு அங்கீகாரம் பெற்றது.

அவரிடம் பயில்வது எளிதாக இருக்கவில்லை. இரும்புக் காலணி என்றும் சிமென்ட் காற்சட்டை என்றும் மாணவர்கள் அவருக்குப் பட்டப்பெயர் சூட்டினர். மருத்துவர் தம் பிழையைப் புதைத்துவிடலாம், வழக்கறிஞரின் பிழையோ எல்லோர் கண்முன்னும் நிற்கும் என்னும் பொருள்பட அவர் எச்சரிப்பார். வெள்ளை வழக்கறிஞருக்கு மன்னிக்கப்படும் தவறு, கறுப்பின வழக்கறிஞர் செய்தால் அவருடைய இனத்தின் தகுதியின்மையாகவே வாசிக்கப்படும் என்பதை அவர் நன்கறிவார். மாணவர்களை நீதிமன்றங்களுக்கும் சிறைகளுக்கும் அழைத்துச் சென்று, சட்டம் நடைமுறையில் இயங்கும் விதத்தை நேரில் காணச் செய்தார். வழக்கறிஞர் என்பவர் சமூகத்தைச் செப்பனிடும் பொறியாளராக இருக்க வேண்டும், இல்லையேல் அச்சமூகத்தின் இரத்தத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணியாகவே இருப்பார் என்பதே அவருடைய பாடத்தின் சாரம்.

பால்டிமோரிலிருந்து நாள்தோறும் இரயிலில் வந்து பயின்ற தர்குட் மார்ஷல் 1933ஆம் ஆண்டு முதன்மை மாணவராகத் தேறினார். நிறத்தின் காரணமாகத் தம் சொந்த மாநிலமான மேரிலாண்டின் சட்டப் பள்ளியில் அவருக்கு இடமில்லை. அவரோடு பயின்ற ஆலிவர் ஹில், பின்னர் வந்த ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் ஆகியோர் வர்ஜீனியாவின் பள்ளி வழக்குகளை நடத்தினர். பிரவுன் வழக்கில் ஒன்றிணைந்த வாதங்களின் வேர்கள் பல அந்த வகுப்பறையிலிருந்து புறப்பட்டவை.

கற்பித்துக்கொண்டே அவர் வாதாடவும் செய்தார். 1933ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் இரு வெள்ளைப் பெண்களைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜார்ஜ் கிராஃபோர்டு என்னும் கறுப்பினத்தவருக்காக, முற்றிலும் கறுப்பின வழக்கறிஞர்களைக் கொண்ட குழுவுடன் ஹூஸ்டன் நின்றார். தென்மாநிலம் ஒன்றில் அது அரிய காட்சி. மரண தண்டனை உறுதி என்று எண்ணப்பட்ட வழக்கு ஆயுள் தண்டனையில் முடிந்தது. கறுப்பினத்தவரை விலக்கி ஜூரி அமைத்ததை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்க வேண்டும் என்று இடதுசாரி விமரிசகர்கள் அவரைச் சாடினர். மறுவிசாரணை நடந்தால் அது கிராஃபோர்டைத் தூக்குமேடைக்கு அனுப்பக்கூடும் என்று ஹூஸ்டன் கருதினார். கொள்கைக்காகக் கட்சிக்காரரின் உயிரைப் பணயம் வைக்கலாமா என்னும் இக்கேள்வி, உரிமை வழக்குகளை நடத்துவோரை இன்றும் விட்டபாடில்லை. ஜூரிப் பிரச்சினையை அவர் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுசென்றார். ஓக்லஹோமாவில் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஜெஸ் ஹாலின்சின் வழக்கில், கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து விலக்கியதைக் காரணம் காட்டி அத்தீர்ப்பை 1935ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இரத்து செய்தது.

சமம் என்ற சொல்லைப் பற்றிக்கொண்ட உத்தி

1935ஆம் ஆண்டு ஹூஸ்டன் என்.ஏ.ஏ.சி.பி. என்று அறியப்படும் வண்ண மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் முழுநேரச் சிறப்பு வழக்கறிஞரானார். கல்வியில் நிலவிய பாகுபாட்டை எதிர்க்கும் வழக்குகளைத் திட்டமிட்டு நடத்துவது அவருடைய முதன்மைப் பொறுப்பு. நிதி குறைவு. நீதிபதிகளுள் பெரும்பாலோர் பிளெஸ்ஸி தீர்ப்பை அசைக்க விரும்பாதவர்கள். நேரடியாக அக்கோட்பாட்டைத் தாக்கித் தோற்றால், அது முன்னினும் வலுப்பெற்றுவிடும் அபாயம் இருந்தது.

ஹூஸ்டன் கண்ட வழி எளிமையானது. எதிரியின் கோட்பாட்டில் உள்ள சமம் என்ற சொல்லையே பற்றிக்கொள்வது. உண்மையான சமத்துவத்தை வழங்குக என்று மாநிலங்களை நீதிமன்றத்தில் நிறுத்தினால், ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகக் கட்ட வேண்டிய செலவு அவற்றின் கழுத்தை நெரிக்கும். தனித்தனி அமைப்பைக் கட்டிக்காக்க இயலாத நிலை வரும்போது, அக்கோட்பாட்டை நேரடியாகத் தாக்கலாம்.

எங்கே தொடங்குவது என்பதிலும் அவர் கணக்கிட்டார். சட்டப் பள்ளிகளையும் முதுநிலைக் கல்வியையும் முதல் இலக்காக்கினார். பெரும்பாலான தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென ஒரு சட்டப் பள்ளிகூட இல்லை. எனவே சமம் இருப்பதாகப் பாவனை செய்யவும் அரசுகளுக்கு வழியில்லை. சட்டக் கல்வியின் தன்மையை நீதிபதிகளுக்கு விளக்கவும் தேவையில்லை. குழந்தைகள் பயிலும் பள்ளிகளில் கைவைத்தால் எழும் வெறி, ஒருசில முதிர்ந்த மாணவர்களின் சேர்க்கையில் அவ்வளவாக எழாது என்றும் அவர் மதிப்பிட்டார். அடுத்த கட்டமாக வெள்ளை ஆசிரியருக்கும் கறுப்பின ஆசிரியருக்கும் இடையிலான ஊதிய வேறுபாட்டை எதிர்க்கும் வழக்குகள் தொடுக்கப்பட்டன.

நீதிமன்றத்துக்கு வெளியே அவர் செய்த பணி இந்த உத்தியின் மறுபாதி. 1934ஆம் ஆண்டு எட்வர்டு லவெட் என்னும் வழக்கறிஞருடன் தெற்குக் கரோலினாவின் சிற்றூர்களுக்குக் காரில் பயணம் செய்தார். கையில் திரைப்படக் கருவி இருந்தது. கறுப்பினக் குழந்தைகள் பயின்ற ஓரறைக் கூடங்களையும், வெள்ளைக் குழந்தைகளின் செங்கல் கட்டடங்களையும் அருகருகே வைத்துக் காணும்படி படமெடுத்தார். வெள்ளைக் குழந்தைகளுக்குப் பேருந்து இருந்தது, கறுப்பினக் குழந்தைகள் நடந்தே சென்றனர். ஒரு மாணவருக்கு அரசு செலவிடும் தொகை, ஆசிரியரின் ஊதியம், பள்ளி இயங்கும் மாதங்கள் ஆகியவற்றை அரசின் சொந்த அறிக்கைகளிலிருந்தே திரட்டினார். கூட்டங்களில் அப்படத்தைத் திரையிட்டு, ஊர்மக்களும் ஆசிரியர்களும் சான்று திரட்டக் கற்பித்தார். மக்கள் பின்னால் நிற்காத வழக்கு வென்றாலும் நிலைக்காது என்பதில் அவருக்கு ஐயமில்லை.

மேரிலாண்டும் மிசௌரியும்

முதல் பெரிய வெற்றி மேரிலாண்டில் கிட்டியது. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்ற டொனால்டு முர்ரே என்னும் இளைஞருக்கு மேரிலாண்டு பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி இடம் மறுத்தது. ஹூஸ்டனும் மார்ஷலும் அவருக்காக வழக்குத் தொடுத்தனர். மாநிலத்தில் அரசின் சட்டப் பள்ளி ஒன்றே இருக்கும்போது, அங்கே சேர்ப்பதைத் தவிர அவருக்குச் சமத்துவம் வழங்க வேறு வழியில்லை என்று வாதிட்டனர். 1935ஆம் ஆண்டு ஜூனில் பால்டிமோர் நீதிமன்றம் முர்ரேவைச் சேர்க்க உத்தரவிட்டது. 1936ஆம் ஆண்டு ஜனவரியில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தமக்கு இடமில்லாத பள்ளியின் கதவை மார்ஷல் தம் ஆசிரியரோடு சேர்ந்து திறந்தார். முர்ரே 1938ஆம் ஆண்டு அங்கே பட்டம் பெற்றார்.

அத்தீர்ப்பு மேரிலாண்டை மட்டுமே கட்டுப்படுத்தியது. நாடு முழுமைக்குமான தீர்ப்பைத் தேடி ஹூஸ்டன் மிசௌரிக்குச் சென்றார். லாயிடு கெயின்ஸ் என்னும் இளைஞர் அம்மாநிலச் சட்டப் பள்ளியில் இடம் கேட்டு மறுக்கப்பட்டவர். அண்டை மாநிலம் ஒன்றில் பயின்றால் கல்விக் கட்டணத்தைத் தருவதாக மிசௌரி அரசு சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் ஹூஸ்டன் வாதாடியபோது, மக்ரெய்னால்ட்ஸ் என்னும் நீதிபதி தம் நாற்காலியைத் திருப்பி அவருக்கு முதுகைக் காட்டியபடி அமர்ந்திருந்தார் என்பர். நாட்டின் உச்ச நீதிமன்றமே அவ்வாறு இருந்த காலம் அது. ஹூஸ்டன் வாதத்தை நிறுத்தவில்லை.

1938ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு மாநிலம் தன் வெள்ளைக் குடிமக்களுக்குத் தன் எல்லைக்குள் வழங்கும் கல்வியைக் கறுப்பினத்தவருக்கும் தன் எல்லைக்குள்ளேயே வழங்கியாக வேண்டும், அக்கடமையை வேறு மாநிலத்தின் தலையில் கட்ட முடியாது என்று நீதிமன்றம் கூறியது. இடம் கேட்போர் எண்ணிக்கையில் குறைவு என்னும் சாக்கும் ஏற்கப்படவில்லை. உரிமை தனிமனிதருக்கு உரியது, ஒருவரே கேட்டாலும் அவருக்கு அதை வழங்க வேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டது. பிளெஸ்ஸி தீர்ப்பு வீழவில்லை. ஆனால் அதன் நிழலில் அரசுகள் சோம்பியிருந்த காலம் முடிந்தது.

இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கெயின்சைச் சேர்த்துக்கொள்வதற்குப் பதிலாக மிசௌரி அரசு செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு பழைய கட்டடத்தில் அவசர அவசரமாகத் தனிச் சட்டப் பள்ளி ஒன்றை அமைக்க முற்பட்டது. அது சமமற்றது என்று மெய்ப்பிக்க ஹூஸ்டன் ஆயத்தமானார். 1939ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிகாகோவில் தங்கியிருந்த கெயின்ஸ், தம் இருப்பிடத்தை விட்டு வெளியே சென்றவர் திரும்பவேயில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை தெரியவில்லை. வாதி இல்லாத வழக்கு நின்றுபோயிற்று. வரலாற்றுத் தீர்ப்பு ஒன்றைத் தம் பெயரில் பெற்ற இளைஞர், அதன் பயனை ஒருநாளும் நுகரவில்லை. உரிமை வழக்குகளில் வழக்கறிஞரின் பெயர் நிலைக்கிறது. வேலை இழப்பு, மிரட்டல், தனிமை ஆகியவற்றைச் சுமப்பவரோ பாதிக்கப்பட்டவர். ஊர்விலக்கத்துக்கும் சாதியினரின் மிரட்டலுக்கும் நடுவே சாட்சி சொல்ல வரும் நம் மக்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நெருப்புக்கு முன் நின்ற தொழிலாளர்கள்

தொடர்ந்த பயணமும் உழைப்பும் ஹூஸ்டனின் உடல்நலத்தைக் குலைத்தன. 1938ஆம் ஆண்டு அவர் வாஷிங்டன் திரும்பித் தந்தையின் அலுவலகத்தில் மீண்டும் அமர்ந்தார். சங்கத்தின் பொறுப்பை மார்ஷல் ஏற்றார். ஹூஸ்டனின் வரலாற்றை எழுதுவோர் பலர் இவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றனர். அவருடைய ஆழ்ந்த பணிகளுள் ஒன்று இதன் பிறகே நடந்தது.

நீராவி இரயிலின் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப்போடும் வேலையைத் தென்மாநிலங்களில் பெருமளவில் கறுப்பினத் தொழிலாளர்களே செய்துவந்தனர். வெப்பமும் கரியும் நிறைந்த அவ்வேலையை வெள்ளையர் விரும்பாதவரை அது கறுப்பினத்தவருக்கு விடப்பட்டது. டீசல் இயந்திரங்கள் வந்து வேலை எளிதானதும் வெள்ளையர் அதைக் கோரினர். தொழிலாளர் சார்பில் பேரம் பேசும் சட்டபூர்வ உரிமை வெள்ளையர் சங்கத்திடம் மட்டுமே இருந்தது. கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்த அச்சங்கமே, அவர்களுடைய பிரதிநிதியாகவும் கையெழுத்திட்டு அவர்களை வேலையிலிருந்து ஒதுக்கும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது.

அலபாமாவைச் சேர்ந்த பெஸ்டர் ஸ்டீல் என்னும் இரயில் தொழிலாளிக்காக ஹூஸ்டன் வழக்கு நடத்தினார். மாநில நீதிமன்றங்களில் தோற்று, உச்ச நீதிமன்றத்தில் 1944ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று வென்றார். ஒரு பிரிவினர் அனைவருக்காகவும் பேசும் உரிமையைச் சட்டம் ஒரு சங்கத்துக்கு வழங்கினால், அச்சங்கம் அப்பிரிவினர் அனைவரையும் பகையின்றிப் பாகுபாடின்றிப் பிரதிநிதித்துவம் செய்யக் கடமைப்பட்டது என்று அத்தீர்ப்பு வகுத்தது. அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக அது இன்றும் நிற்கிறது. கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்க மறுக்கும் சங்கங்களின் வழக்கத்தை அது முடிவுக்குக் கொண்டுவரவில்லை. உழைக்கும் வர்க்கத்துக்குள்ளேயே பிறப்பின் அடிப்படையில் படிநிலை இருக்கும்போது, தொழிற்சங்கம் எல்லோருக்குமானதாகத் தானாக ஆகிவிடுவதில்லை என்பதை அவ்வழக்கு ஆவணப்படுத்தியது.

பதவியும் அவரைத் தேடிவந்தது. வேலைவாய்ப்பில் பாகுபாட்டை விசாரிக்கும் கூட்டரசுக் குழுவில் 1944ஆம் ஆண்டு அவர் உறுப்பினரானார். வாஷிங்டன் நகரப் போக்குவரத்து நிறுவனம் கறுப்பினத்தவரை ஓட்டுநர்களாகவும் நடத்துநர்களாகவும் சேர்க்க மறுத்தது. அந்நிறுவனம் தற்காலிகமாக அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தபோதும், பாகுபாட்டை நிறுத்தும் ஆணையைக் குழு வெளியிடுவதைக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தடுத்தார். 1945ஆம் ஆண்டு டிசம்பரில் ஹூஸ்டன் பதவி விலகினார். அதிகாரமற்ற குழுவில் அமர்ந்து அரசின் முகத்துக்கு அரிதாரம் பூச அவர் விரும்பவில்லை.

வீட்டுரிமை வழக்குகளும் அவருடையவை. ஒரு வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதிவைக்கும் வழக்கம் அந்நாளில் பரவலாக இருந்தது. அந்நிபந்தனையை மீறி வாஷிங்டனில் வீடு வாங்கிய ஹர்டு குடும்பத்தாருக்காக அவர் வாதாடினார். மூன்று நீதிபதிகள் அவ்வழக்கிலிருந்து விலகிக்கொண்டனர். அவர்களுடைய சொந்த வீடுகளுக்கும் அத்தகைய நிபந்தனைகள் இருந்தமையே காரணம் என்று பரவலாக நம்பப்பட்டது. 1948ஆம் ஆண்டு மே 3 அன்று, இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதி பார்த்து வீடு மறுக்கப்படும் நம் நகரங்களில் அத்தகைய பத்திரம் எழுதப்படுவதில்லை. எழுதாமலே அது நிறைவேற்றப்படுகிறது.

கைமாறிய வழக்கு

1947ஆம் ஆண்டு வாஷிங்டனில் முடிதிருத்தும் தொழிலாளியான கார்ட்னர் பிஷப் என்பவர், இடநெருக்கடியில் தவித்த கறுப்பினப் பள்ளி ஒன்றின் பெற்றோர்களைத் திரட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத போராட்டத்தைத் தொடங்கினார். படித்த மேல்தட்டுக் கறுப்பினத்தவர்மீது நம்பிக்கையற்றவர் அவர். ஹூஸ்டன் தாமாக முன்வந்து அவர்களுக்கு ஊதியமின்றி வழக்கறிஞரானார். எளிய பெற்றோரின் அந்த அமைப்புக்காக அவர் அடுத்தடுத்து வழக்குகளைத் தொடுத்தார்.

1949ஆம் ஆண்டு அவருடைய இதயம் தளர்ந்தது. மருத்துவமனையிலிருந்தபடியே பிஷப்பைத் தம் நண்பரும் ஹோவர்டின் சட்டப் பேராசிரியருமான ஜேம்ஸ் நாப்ரிட்டிடம் அனுப்பினார். சமமான வசதிகளைக் கேட்கும் பழைய வகை வழக்கை இனி நடத்தப்போவதில்லை, பிரித்துவைப்பதையே எதிர்ப்பதானால் வருகிறேன் என்று நாப்ரிட் நிபந்தனை விதித்தார். ஹூஸ்டன் வகுத்த பாதை அதன் அடுத்த கட்டத்தை அடைந்துவிட்டது. அப்படித் தொடுக்கப்பட்ட போலிங் எதிர் ஷார்ப் வழக்கு, பிரவுன் வழக்கோடு ஒரே நாளில் வெற்றி பெற்றது.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று ஹூஸ்டன் காலமானார். மகனுக்கு அப்போது ஆறு வயது நிறைந்திருந்தது. தான் அவனைக் கைவிட்டுப் போகவில்லை, பாகுபாடற்ற வாழ்வு அவனுக்கும் பிறருக்கும் கிடைப்பதற்காகப் போராடியே வீழ்ந்தேன் என்னும் பொருளில் ஒரு செய்தியை அவர் எழுதிவைத்திருந்தார். அவர் மறைந்து ஆறு வாரங்களில், டெக்சாஸ் சட்டப் பள்ளியில் இடம் கேட்ட ஹீமன் ஸ்வெட்டின் வழக்கில் மார்ஷல் வென்றார். கெயின்ஸ் தீர்ப்பு இட்ட அடித்தளத்தின்மீது எழுந்தது அவ்வெற்றி. நான்கு ஆண்டுகளில் பிரவுன் தீர்ப்பு வந்தது. 1967ஆம் ஆண்டு மார்ஷல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

மகாத் வழக்கின் வெளிச்சத்தில்

ஹூஸ்டன் ஆம்ஹெர்ஸ்டில் பயின்றுகொண்டிருந்தபோது, 1913ஆம் ஆண்டு பாபாசாகேப் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இருவரும் சந்தித்துக்கொண்டதாகச் சான்றில்லை. ஆனால் இருவரும் ஒரே காலத்தில், வெவ்வேறு கண்டங்களில், நீதிமன்றத்தைப் போராட்டக் களமாக்கினர். 1927ஆம் ஆண்டு மகாத்தின் சவுதார் குளத்தில் தீண்டப்படாதோர் நீர் அருந்தியபின், அக்குளம் தங்களுக்கே உரியது என்று சாதி இந்துக்கள் உரிமையியல் வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டுகள் நீண்ட அவ்வழக்கில் 1937ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீண்டாமை அநீதியானது என்பதால் அத்தீர்ப்பு வரவில்லை. தொன்றுதொட்டு நிலவும் வழக்கம் என்று எதிர்த்தரப்பு சொன்னதை அவர்களால் மெய்ப்பிக்க இயலவில்லை என்பதே காரணம். சமம் என்ற சொல்லை எதிரியிடமிருந்தே எடுத்துக்கொண்ட ஹூஸ்டனைப் போலவே, இங்கும் மெய்ப்பிக்கும் பொறுப்பு ஒடுக்குவோரையே வீழ்த்தியது.

இந்த வழிமுறைக்கு எல்லைகள் உண்டு. பிரவுன் தீர்ப்புக்குப் பிறகும் தென்மாநிலங்கள் பல ஆண்டுகள் பள்ளிக் கதவுகளை அடைத்துவைத்தன. தெருவில் இறங்கிய மக்களின் இயக்கமே தீர்ப்புக்கு உயிரூட்டியது. அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்ததாக அறிவித்தபின்னும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குத் தேவைப்பட்டது. சட்டம் வந்தபின்னும் முதல் தகவல் அறிக்கைக்காகக் காவல் நிலைய வாசலில் காத்திருப்போரை நாம் அறிவோம்.

ஆயினும் ஹூஸ்டன் விட்டுச்சென்ற முறை இங்கே பயன்படாமற்போகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பையும், வழக்கின் போக்கை அறியும் உரிமையையும் வழங்குகிறது. வழக்கு நடவடிக்கைகள் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. தெற்குக் கரோலினாவின் மண்சாலைகளில் தாமே கருவியைச் சுமந்து சென்று ஹூஸ்டன் செய்ததை, இன்று சட்டமே நீதிமன்றத்தின் கடமையாக்கியிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதற்குச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் அறிந்த, ஊரின் ஒவ்வொரு தெருவையும் நடந்து பார்த்த வழக்கறிஞர்கள் வேண்டும். சட்டக் கல்லூரிகளில் முதல் தலைமுறையாக நுழையும் தலித் மாணவர்கள் அந்தப் பணிக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்வதே ஹூஸ்டனுக்குச் செய்யும் மரியாதை.